மாதம் பாதி நாள் வெளியூரில் சாப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மருந்து கம்பெனி ரெப்கள், சர்வீஸ் இன்ஜினியர்கள், ஆடிட் போகிறவர்கள், டீலர்களைப் பார்க்கப் போகும் விற்பனைக்காரர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். தமிழ்நாட்டுக்குள் பஸ்ஸிலும் ரயிலிலும் சுற்றி, லாட்ஜில் தங்கி, கையில் கிடைக்கும் பேட்டாவில் சாப்பிடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. கேள்விகள் அவர்கள் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன. சத்துக் கணக்குகள் எல்லாம் சுமாரானவை. ஹோட்டலுக்கு ஹோட்டல் கரண்டி மாறும்.

மாசத்துல பதினைஞ்சு நாள் ஹோட்டல் சாப்பாடுதான். இதுல ஆரோக்கியமா சாப்பிடறதெல்லாம் நடக்கிற காரியமா?

நடக்கும். ஆவியில் வெந்த பலகாரமும், பருப்பும், ரசமும், மோரும் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரிலும் கிடைக்கிற மாநிலம் இது. உடம்பைக் கெடுப்பதில் ஹோட்டலுக்கு இருக்கும் பங்கைவிடக் கடிகாரத்துக்குப் பங்கு அதிகம். காலை டிபனை விட்டு, மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குத் தள்ளி, நடுவில் டீயும் வடையுமாகச் சமாளித்து, ராத்திரி பதினோரு மணிக்கு அகோரப் பசியில் உட்கார்ந்தால் எந்த மெனு அட்டையைக் கொடுத்தாலும் கை பரோட்டாவுக்குத்தான் போகும்.

ஆகவே முதலில் நேரத்தைப் பிடியுங்கள். காலை 9 மணிக்குள், மதியம் 2 மணிக்குள், இரவு எட்டு, எட்டரைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வேளை தள்ளிப்போகும் என்று தெரிந்ததுமே, பசி வருவதற்கு முன் பையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சாப்பிட்டுவிட வேண்டும். பையில் என்ன இருக்க வேண்டும் என்பது பின்னால் வருகிறது.

காலையில இட்லிதான் நல்லதுன்னு சொல்றாங்க. மூணு இட்லி சாப்பிட்டா பதினோரு மணிக்கே பசிக்குதே?

பசிக்கத்தான் செய்யும். இட்லி மாவில் பெரும்பங்கு அரிசி. மூன்று இட்லியில் புரதம் 6 கிராம் அளவுதான். எண்ணெய் இல்லை, எளிதில் செரிக்கும் என்பது அதன் நல்ல குணம். பசி தாங்குவதற்குக் கூட ஏதாவது வேண்டும். சாம்பாரை ஒரு கிண்ணம் தனியாகக் கேளுங்கள். வாளியின் மேலே தெளிவாக நிற்பதை ஊற்றாமல் அடியோடு கலக்கி ஊற்றச் சொல்லுங்கள், பருப்பு அடியில்தான் கிடக்கும். முட்டை சாப்பிடுகிறவர்கள் அவித்த முட்டை இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். சைவர்கள் பையிலிருக்கும் பொட்டுக்கடலையை ஒரு கைப்பிடி மெல்லலாம்.

தோசை வேண்டுமென்றால் ரோஸ்டைவிடக் கல்தோசையோ வெங்காய ஊத்தப்பமோ மேல். முறுகலாக வர வேண்டும் என்பதற்காகவே ரோஸ்ட்டில் எண்ணெய் சுற்றிலும் விடப்படுகிறது. ‘எண்ணெய் கம்மியா’ என்பதை ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும், தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. பொங்கலில் பாசிப்பருப்பு இருக்கிறது, நல்லதுதான். ஆனால் நெய்யும் வடையும் சேர்ந்து வரும் செட்டைச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால் தூக்கம் கண்ணைக் கட்டும். பாதிப் பொங்கல், ஒரு இட்லி என்று பிரித்துக்கொள்வது நல்ல வழி. பூரியை டூர் நாட்களில் விட்டுவிடலாம்.

ஃபுல் மீல்ஸ்னா மூணு தடவை சோறு வாங்கிடறேன். அளவுச் சாப்பாடு வாங்கினா சரியாயிடுமா?

சோறு குறையும், காயும் சேர்ந்து குறையும். அளவுச் சாப்பாட்டில் வரும் பொரியல் பெரும்பாலும் இரண்டு ஸ்பூன்தான். சொல்லப்போனால், வாங்கத் தெரிந்தவருக்கு ஃபுல் மீல்ஸ்தான் நல்லது, ஏனென்றால் அதில் காயை மறுபடி கேட்கலாம்.

இலை போட்டதும் சோறு வருவதற்கு முன் பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டு முடியுங்கள். சோறு கொண்டு வருகிறவரிடமே ‘பொரியல் இன்னொரு தடவை’ என்று சொல்லிவிடுங்கள். முதல் சுற்றில் வழக்கமாக வாங்குவதில் பாதிச் சோறு, அதற்குச் சாம்பார். இரண்டாவது சுற்றில் ஒரு சின்னக் கரண்டி, ரசத்துக்கு. மோருக்கு அதே அளவு, அல்லது மோரைத் தனியாக ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிடலாம். வற்றல் குழம்பு ஊற்றினால் மேலே மிதக்கும் எண்ணெயை ஓரமாக ஒதுக்குங்கள். ஒரு அப்பளத்தோடு நிறுத்துங்கள்.

அசைவ மெஸ்களில் வறுவலைவிடக் குழம்பு மீன் நல்லது. வறுவல் எண்ணெய் காலையிலிருந்து காய்ந்துகொண்டே இருக்கும். சமையல் எண்ணெயில் திரும்பத் திரும்பச் சூடேறுவதால் உண்டாகும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதை நாம் அளக்க முடியாது. எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, கண் எரியும் புகை வந்தால் அந்தக் கடையில் பொரித்ததை வாங்காதீர்கள்.

நான் சுத்த சைவம். டூர்ல புரதத்துக்கு எங்க போறது?

முதலில் எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 54 கிராம்.

மூன்று இட்லியும் கிண்ணம் சாம்பாரும் 10 கிராம். முற்பகலில் 50 கிராம் பொட்டுக்கடலை, அதில் 10. மதியம் சோறு, சாம்பார், கூட்டு, தயிர் எல்லாம் சேர்ந்து 15. சாயங்காலம் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், அதாவது 150 கிராம், அதில் 12. இரவு இரண்டு கல்தோசையும் ஒரு டம்ளர் பாலும் 12. மொத்தம் 59. சாயங்காலச் சுண்டலையும் பையிலுள்ள கடலையையும் எடுத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள், 37தான் வரும். டூரில் சைவர்களுக்குப் புரதம் குறைவது இந்த இரண்டும் இல்லாததால்தான்.

சுண்டலும் அவித்த வேர்க்கடலையும் பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், கடற்கரை எங்கும் மாலையில் கிடைக்கும். ஆவி பறக்கச் சூடாக இருக்கும் வண்டியாகப் பார்த்து, மாங்காய்த் துருவலும் வெங்காயமும் போடாமல் வாங்குங்கள். சுண்டல் வெந்தது, மேலே தூவுவது பச்சை. மழைக்காலத்தில் வயிற்றைக் கெடுப்பது அதுதான்.

பையில என்னதான் வச்சுக்கணும்? பிஸ்கட் போதாதா?

பிஸ்கட் மைதாவும் சர்க்கரையும் கொழுப்பும். இரண்டில் நிறுத்த முடியாது, பாக்கெட் காலியாகும். ஐந்து நாள் டூருக்குப் பொட்டுக்கடலை கால் கிலோ, வறுத்த வேர்க்கடலை 150 கிராம், பேரீச்சம்பழம் பத்துப் பதினைந்து, நல்லெண்ணெய் விட்டுக் குழைக்காத இட்லிப் பொடி ஒரு சின்ன டப்பா, வயிற்றுப்போக்குக்கான உப்புக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொடி இரண்டு பாக்கெட், ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில், ஸ்பூன். இவ்வளவும் ஒரு கிலோ எடைதான் வரும். கடலைகளை நாளுக்கு ஒன்றாகச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய டப்பாவில் கைவிட்டால் அளவு தெரியாது. 30 கிராம் வேர்க்கடலையிலேயே 170 கலோரி இருக்கிறது.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அவசரத்துக்கு நல்ல பண்டம், பிஸ்கட்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் வெல்லமும் சர்க்கரைதான் என்பதால் நாளுக்கு ஒரு துண்டு. சுகர் இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

பழத்தைத் தினமும் அந்தந்த ஊரில் வாங்குங்கள். கொய்யா, வாழை, ஆரஞ்சு மூன்றும் எங்கும் கிடைக்கும். 100 கிராம் கொய்யாவில் 5 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, டூர்க்காரர்களுக்கு அதைவிடத் தோதான பழம் வேறில்லை.

வீட்டுல கட்டிக் கொடுக்கிற சாப்பாடு எத்தனை மணி நேரம் தாங்கும்?

நம் கட்டுச்சோற்றுப் பழக்கம் நன்றாக யோசித்து உண்டானது. புளியோதரையில் புளியும் எண்ணெயும் சேர்ந்து கிருமி வளர்வதைத் தாமதப்படுத்துகின்றன. புளிக்காய்ச்சலைத் தண்ணீர் வற்ற, எண்ணெய் மிதக்கக் காய்ச்சிக் கிளறியிருந்தால் காலையில் கட்டியது இரவு வரை இருக்கும். பொடி தடவி நல்லெண்ணெய் விட்ட இட்லியும், வெறும் சப்பாத்தியும் அப்படியே. எலுமிச்சைச் சோறு மதியத்துக்குள். தேங்காய்ச் சோறு, தேங்காய்ச் சட்னி, வெங்காயம் தக்காளி போட்ட எதுவும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு எல்லாமே இன்னும் சுருங்கும்.

தயிர்சோறு கட்டும்போது சோற்றைக் குழைத்து, வெதுவெதுப்பான பாலை ஊற்றி, உறைக்கு இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்துக் கிளறினால் போகிற வழியில் உறைந்து மதியத்துக்குப் புளிக்காமல் இருக்கும்.

பலர் செய்யும் தவறு சூட்டோடு டப்பாவை மூடுவது. ஆவி உள்ளேயே நீராகிச் சோற்றை நனைக்கிறது, சூடும் மணிக்கணக்கில் தங்குகிறது. அரிசியோடு வரும் ஒரு வகைப் பாக்டீரியாவின் விதைகள் கொதியிலும் சாகாது, இந்த இளஞ்சூட்டில் முளைத்து நஞ்சை விடும். திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் அகலத் தட்டில் அரை மணி நேரம் பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள். வெறும் சாதத்தை மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள், அதற்கு இரண்டு மணி நேரம்தான் கெடு.

டாக்டரைப் பார்த்து முடிக்க ராத்திரி பத்தரை ஆயிடுது. அப்போ திறந்திருக்கிறது பரோட்டா கடை மட்டும்தான். என்ன பண்றது?

அவுட்ஸ்டேஷன் போகும் ரெப்களின் பெரிய பிரச்சினை இது. கிளினிக் வாசலில் காத்திருக்கப் போவது ஆறு மணிக்கே தெரியும். அதனால் இரவுச் சாப்பாட்டை இரண்டாக உடையுங்கள். ஆறரை, ஏழு மணிக்கு முதல் டாக்டரைப் பார்க்கப் போகும் முன் இரண்டு இட்லியோ கல்தோசையோ, கூடவே சுண்டல் அல்லது முட்டை. வேலை முடிந்து பத்தரைக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும். படுப்பதற்கும் பெரிய சாப்பாட்டுக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வந்துவிடும். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போடுகிற பலருக்கு இந்த ஒரு மாற்றமே மாத்திரையைக் குறைக்கும்.

அப்படியும் பத்தரைக்குப் பரோட்டா கடையில் உட்கார்ந்துவிட்டால், அங்கே இட்லியும் கல்தோசையும் முட்டைத் தோசையும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஒரு பரோட்டாவே 250 கலோரிக்கு மேல் போகும். கொத்துப் பரோட்டாவில் இரண்டு மூன்று பரோட்டாவைக் கொத்தி எண்ணெயும் சேர்க்கிறார்கள், இரவில் அதைத் தொடாதீர்கள். ஆசைக்கு ஒரு பரோட்டா, இரண்டு முட்டை ஆம்லெட், சால்னா மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிக் கொஞ்சம் என்றால் தவறில்லை. வெளியூரில் ஆஃப்பாயிலையும் கலக்கியையும் தவிருங்கள். அரைவேக்காட்டு முட்டையில் கிருமி பிழைத்திருக்கும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததும் இதே காரணத்தால்தான்.

நைட் பஸ் வழியில நிறுத்துற மோட்டல்ல எதைச் சாப்பிடலாம்?

முடிந்தவரை எதையும் வேண்டாம். ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டு முடியுங்கள். ஒரே நேரத்தில் நாலு பஸ் கூட்டம் இறங்குகிற இடம் அது. குருமா, சாம்பார், சட்னி எல்லாம் மாலையிலேயே செய்து பாத்திரத்தில் ஆறிக்கொண்டு நிற்கும். அவற்றில் முதலில் கெடுவது தேங்காய்ச் சட்னி.

சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் கண் முன்னால் கல்லில் போட்டு எடுப்பது மட்டும். தோசை, நன்றாக வெந்த ஆம்லெட், கொதிக்கக் கொதிக்க டீ. தோசைக்கு உங்கள் பையிலுள்ள பொடி இருக்கிறது. சுங்கச்சாவடிகளில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் வெள்ளரிக்காயை நறுக்கியதாக வாங்காமல் முழுசாக வாங்கி, கழுவி, நீங்களே நறுக்குங்கள். பழக்கமில்லாத ஊரில் கடையைத் தேர்வு செய்ய, கல்லா அருகே 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதையும்விட நம்பகமான அடையாளம், உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பதும் பலகாரம் வேகமாகத் தீர்வதும்.

ரயில்ல போனா?

ரயில் எளிது, ஏனென்றால் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும். ஐ.ஆர்.சி.டி.சி.யின் இ-கேட்டரிங்கில் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து, வழியில் வரும் பெரிய ஸ்டேஷனில் உள்ள ஹோட்டலிலிருந்து சீட்டுக்கே சாப்பாடு வரவழைக்கலாம். 1323 என்ற எண்ணிலும் சொல்லலாம். ரயில் தாமதமானால் சாப்பாடும் ஆறிப்போகும் என்பதால் இட்லி, சப்பாத்தி, தயிர்சோறு போன்றவற்றைச் சொல்லுங்கள். வந்தே பாரத்தில் டிக்கெட் எடுக்கும்போதே உணவு வேண்டாம் என்று குறித்துவிடலாம், கட்டணமும் குறையும். ரயில் சார்ஜர் பாயின்ட்டில் கெட்டிலைச் செருகக் கூடாது.

லாட்ஜ் ரூம்ல ஏதாவது செஞ்சுக்க முடியுமா?

அடுப்புக்கு எந்த லாட்ஜிலும் இடமில்லை. கெட்டிலுக்குச் சில இடங்களில் விடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ரூமில் வைத்திருக்கும் கெட்டிலை நம்ப வேண்டாம், அரை லிட்டர் கெட்டில் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை அவிக்க, மூன்று முட்டையைக் கழுவி உள்ளே வைத்து, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுச் சுவிட்சைப் போடுங்கள். கொதித்துத் தானாக அணைந்ததும் மூடியைத் திறக்காமல் 12 முதல் 15 நிமிடம் விட்டால் மஞ்சள் கரு இறுகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை நேராகப் போட்டால் ஓடு வெடிக்கும், கரு இறுகவும் நேரமாகும். உள்ளே இளகலாக இருந்தால் இன்னொரு முறை கொதிக்க விடுங்கள்.

கெட்டிலே இல்லையென்றால் அவல். கெட்டி அவல் 50 கிராமை இரண்டு தடவை கழுவி, நனையும் அளவு நல்ல தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் வைத்தால் ஊறிவிடும். ஆவின் பூத்தில் வாங்கிய தயிரைக் கலந்து உப்புப் போட்டால் டிபன் ஆயிற்று, ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்த்தால் பசியும் தாங்கும். மெல்லிய அவலுக்கு இரண்டு நிமிடம் போதும், பத்து நிமிடம் வைத்தால் கூழாகிவிடும்.

ஊர் ஊரா தண்ணி மாத்திக் குடிச்சா வயித்தைக் கலக்குது. என்ன தண்ணி குடிக்கிறது?

கலக்குவது ஊர் மாறுவதால் இல்லை, தண்ணீரில் கலந்திருக்கும் கிருமியால். அடைத்து விற்கும் தண்ணீரில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதன் மேல் ஐ.எஸ். 14543 என்ற எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி திருகும்போது சீல் உடைய வேண்டும். பிரபலமான பெயரை ஓரெழுத்து மாற்றி விற்கும் பாட்டில்கள் பஸ் ஸ்டாண்டுகளில் உண்டு, பெயரை முழுதாகப் படியுங்கள்.

ஹோட்டலில் வைக்கும் சீரகத் தண்ணீரைப் பலர் கொதித்த தண்ணீர் என்று நம்புகிறார்கள். காலையில் கொஞ்சம் கொதிக்க வைத்து, கூட்டம் வந்ததும் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலப்பது பல இடங்களில் வழக்கம். கை சுடும் அளவுக்கு வெந்நீர் கேட்டு உங்கள் பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் அந்தச் சந்தேகம் இல்லை. வெயிலில் பைக்கில் சுற்றுகிறவர்களுக்கு நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தேவைப்படும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. கம்மங்கூழும் நல்ல உணவுதான், அதைக் கரைக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழியில பாத்ரூம் கிடைக்காதுன்னு நான் தண்ணியே குடிக்கிறதில்லை. பொம்பளைங்களுக்கு வேற வழி இருக்கா?

இந்தக் கேள்வியை எல்லாப் பெண்களும் கேட்கிறார்கள். குடிக்காமல் இருப்பதும் அடக்கி வைப்பதும் சேர்ந்து சிறுநீர்த் தொற்றில்தான் கொண்டுபோய் விடும். தலைவலி, மலச்சிக்கல் இரண்டுக்கும் இதுவே காரணமாக இருக்கும். நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவதற்குப் பதில், கழிப்பறை நிச்சயமாக உள்ள இடங்களைச் சுற்றிக் குடியுங்கள். எழுந்ததும் அரை லிட்டர், கிளம்பும் முன் போய்விட்டு வாருங்கள். டிபன் சாப்பிடும் ஹோட்டலில் ஒரு டம்ளர். மதியம் கழிப்பறை உள்ள ஹோட்டலாகவே தேர்ந்தெடுத்து, உட்கார்ந்ததும் அரை லிட்டர், எழும்போது கழிப்பறை. மீதியை மாலை ரூமுக்குத் திரும்பியதும் குடிக்கலாம்.

பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை இலவசமாகத் தரப்பட வேண்டிய வசதி. சாவி இல்லை என்று சொன்னாலும் தயங்காமல் கேளுங்கள். பெரிய துணிக்கடைகளும் மருத்துவமனைகளும் நகரத்துக்குள் உதவும். கேட்பதற்கு வெட்கப்பட எதுவுமில்லை.

ஒரு நாளைக்கு ஏழு டீ ஆயிடுது. போற இடத்துல எல்லாம் கொடுக்கிறாங்க, வேண்டாம்னு எப்படிச் சொல்றது?

ஒரு கிளாஸ் டீயில் 8 முதல் 10 கிராம் சர்க்கரை. ஏழு டீ என்றால் 56 முதல் 70 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். டீயை நிறுத்துவது பலரால் முடியாது, சர்க்கரையை நிறுத்த முடியும். ஒரு வாரம் ‘சர்க்கரை கம்மி’, அடுத்த வாரத்திலிருந்து ‘வித்தவுட்’. எந்த டீக்கடைக்கும் புரியும் சொல் அது. பத்து நாளில் நாக்கு பழகிவிடும். சுக்குக் காபியில் கருப்பட்டியோ சர்க்கரையோ சேர்த்தே கொதிக்க வைத்திருப்பார்கள், அதில் வித்தவுட் கிடையாது.

கொடுக்கிற இடத்தில் ‘இப்பத்தான் குடிச்சேன், சுடுதண்ணி இருந்தா கொடுங்க’ என்று கேளுங்கள். எதையாவது கேட்டு வாங்கிக் குடித்தால் உபசரித்தவர் மனம் நோகாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை அது தடுக்கும், ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம்.

பேட்டா கொஞ்சம்தான். மிச்சம் பிடிச்சாத்தான் வீட்டுக்கு ஏதாவது ஆகும். செலவில்லாம நல்லா சாப்பிட முடியுமா?

மதியச் சாப்பாட்டை விட்டு மிச்சம் பிடிக்கிற வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். அன்று மாலை வடையிலும் இரவுப் பரோட்டாவிலும் அந்தக் காசு போய்விடுகிறது.

மாநகராட்சி ஊர்களில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013இல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர்சாதம் 3 என்று வைத்தது. பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களிலும் பார்க்கலாம். அங்கே காய் குறைவு. அதற்கு உழவர் சந்தை. 1999இல் மதுரையில் தொடங்கிப் பல ஊர்களுக்கு வந்தது. விடியற்காலையிலேயே திறந்துவிடும் என்பதால் வேலைக்குப் போகும் முன் கேரட், வெள்ளரி, கொய்யா, வாழைப்பழம் வாங்கிக்கொள்ளலாம். முட்டையும் கடலையும்தான் காசுக்கு அதிகப் புரதம் தருகிறவை.

டீலர் பாசமா பிரியாணி விருந்து வச்சா மறுக்க முடியுமா?

மறுக்க வேண்டாம். விருந்தைத் தட்டுவது உறவுக்கும் நல்லதில்லை, தொழிலுக்கும் நல்லதில்லை. பசியோடு மட்டும் போகாதீர்கள், ஒரு மணி நேரம் முன்பு ஒரு பழமும் கொஞ்சம் கடலையும். பந்தியில் கறியைக் குறைக்காமல் சோற்றைப் பாதியாக்குங்கள், வெங்காயப் பச்சடியை நிறைய வாங்குங்கள், இனிப்பில் ஒரு வாய். இலையில் எதுவும் இல்லாமல் இருந்தால்தான் திரும்பத் திரும்ப வைப்பார்கள். மெதுவாகச் சாப்பிட்டுக் கொஞ்சம் மீதி இருக்கும்படி பார்த்துக்கொண்டால் வற்புறுத்தல் குறையும். வாரம் ஒரு விருந்து உடம்பைக் கெடுக்காது.

கேரளா, ஆந்திரா, கர்நாடகா பக்கம் போனா எதைத் தேடறது?

கேரளத்தில் புட்டும் கடலைக் கறியும் காலைக்கு மிகச் சிறந்தது, நம் இட்லியைவிடப் புரதமும் நாரும் அதில் அதிகம். ஆந்திராவில் பெசரட்டு தோசை, முழுக்கப் பாசிப்பயறு. மதியம் பப்பு என்கிற பருப்பு கெட்டியாக வரும், அதை நிறைய வாங்கிக்கொண்டு பொடிக்கும் ஊறுகாய்க்கும் போகும் உப்பு காரத்தைக் குறையுங்கள். கர்நாடகத்தில் ராகி முத்தே என்கிற கேழ்வரகுக் களியோடு கீரைக் குழம்பு.

வயிறு கெட்டுப்போச்சு, நாளைக்கு மீட்டிங். என்ன பண்றது?

முதல் மருந்து உப்புக் கரைசல். உலக சுகாதார நிறுவனக் கலவைப்படி 20.5 கிராம் பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாதிப் பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் கரைசல் செறிவாகிப் பேதி கூடும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள். டப்பாவில் வரும் இனிப்புப் பழரசங்கள் இதற்கு மாற்றாகா.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். இட்லி, ரசம் சாதம், மோர் சாதம், வாழைப்பழம் கொஞ்சம் கொஞ்சமாக. மலத்தில் ரத்தம், காய்ச்சல், நிற்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் மீட்டிங்கை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியைக் கட்டும் மாத்திரையை நீங்களாகப் போடக் கூடாது.

சுகர் மாத்திரை போடறேன். மாத்திரை போட்டாச்சு, சாப்பாடு லேட்டாயிடுச்சுன்னா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. கிளிமிபிரைடு, கிளிகிளசைடு வகையும் இன்சுலினும் சாப்பாடு வராவிட்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கும். இவற்றைப் போடுகிறவர்களுக்கு டூரில் ஒரே விதி, சாப்பாடு கண்ணால் பார்த்த பிறகு மாத்திரை. ஆர்டர் கொடுத்துவிட்டோம் என்பதை நம்பிப் போடாதீர்கள். மெட்பார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் இட்லியோ பழமோ சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பாக்கெட் சட்டைப் பையில் இருக்கட்டும், பஸ்ஸின் டிக்கியில் போகும் பெட்டியில் வேண்டாம். இன்சுலினையும் டிக்கியில் போடாதீர்கள், வெயிலில் அது வீரியம் இழக்கும். டூர் புரோகிராம் போட்டதும் அதை டாக்டரிடம் காட்டி, இரவுச் சாப்பாட்டை உடைக்கும் நாட்களில் மருந்து எப்படி என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டூர் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் ரெண்டு நாள் பட்டினி கிடந்து சரிபண்ணிக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன மாத்திரை போடுகிறவர்களுக்கு அது ஆபத்து, மற்றவர்களுக்கும் மூன்றாம் நாள் பசி இரட்டிப்பாகத் திரும்பி வரும். டூரில் குறைந்ததை ஈடுகட்டுவதுதான் வீட்டில் செய்ய வேண்டியது. குறைந்தது பெரும்பாலும் கீரை, காய், தூக்கம். இரண்டு நாளும் மதியம் கீரையும் இன்னொரு காயும், இரவு ஏழரைக்குச் சாப்பாடு, பத்துக்குப் படுக்கை. டூரில் மலச்சிக்கல் பிடித்திருந்தால் இதிலேயே தீரும். தீராவிட்டால் இசப்கோல் ஒரு ஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள், தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும்.

எடையை டூர் கிளம்பும் காலையிலும் திரும்பிய மறுநாள் காலையிலும் பார்த்துக் குறித்து வையுங்கள். ஐந்து நாளில் ஒரு கிலோ ஏறியிருந்தால் அதில் பெரும்பங்கு ஹோட்டல் உப்பு பிடித்து வைத்த தண்ணீர், இரண்டு நாளில் இறங்கிவிடும். ஊறுகாயும் அப்பளமும் தினமும் சேர்ந்தால் நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற அளவு எளிதில் தாண்டும். நாலைந்து டூர் கழித்து அந்தக் குறிப்பைப் பார்க்கும்போது எடை இறங்காமல் ஏறிக்கொண்டே போயிருந்தால், முதலில் இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் டீக் கணக்கையும் சரிபாருங்கள்.